வங்காள இனிப்புக்குச் சொந்த ஊர் உண்டா?

16 நவம்பர் 2025 – வாசகர் கேள்வி
"ரசகுல்லா ஒடிசாவுடையதா, வங்காளத்துடையதா? இருவருக்குமே புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்களாம். அப்படியானால் கண்டுபிடித்தவர் யார்? மற்ற வங்காள இனிப்புகளுக்காவது ஊர் நிச்சயமாகத் தெரியுமா? கொல்கத்தாவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்."

16 நவம்பர், இரவு
லேக் மார்க்கெட் பக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

அந்தச் சண்டை முடிந்த இடம் கொல்கத்தாவும் இல்லை, புவனேஸ்வரமும் இல்லை, சென்னை கிண்டி. புவிசார் குறியீட்டுப் பதிவகம் அங்கேதான் இருக்கிறது. 'பாங்லார் ரொஷொகொல்லா' 2017 நவம்பர் 14 அன்று பதிவானது. 'ஒடிசா ரசகோலா' 2019 ஜூலை 29 அன்று பதிவானது. இரு தரப்பும் வென்றதாகக் கொண்டாடின. யார் முதலில் செய்தார் என்று பதிவகம் சொல்லவே இல்லை. இந்தப் பகுதியில் இந்த முறையில் செய்த பண்டத்துக்கு இந்தப் பெயர் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

வங்காளத்தின் வாதம், 1868-இல் வடகொல்கத்தா பாக்பஜாரில் நொபின் சந்திர தாஸ் செய்தார் என்பது. ஒடிசாவின் வாதம் புரி கோயிலில் இருக்கிறது. தேர்த்திருவிழாவுக்குத் தன்னை விட்டுவிட்டுப் போன ஜகந்நாதர் மீது லட்சுமிக்குக் கோபம், கதவை அடைத்துவிடுகிறாள், ரசகோலா கொடுத்துத்தான் அவர் உள்ளே நுழைகிறார். கல்யாணமானவர்களுக்கு இரண்டாவது வாதமே பயன்படும்.

இரண்டையும் தின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இவை ஒரே பண்டம் இல்லை. கட்டாக்குக்கும் புவனேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள பஹாலாவில் விற்பது பழுப்பேறியது, பஞ்சைவிட மென்மையானது, நாக்கில் கரைந்துவிடும். பாக்பஜார் வகை வெள்ளை. பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் காட்டும். இரண்டு பண்டங்களுக்கு இரண்டு ஊர் இருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இருக்கிற கேள்விகளிலேயே சுவாரஸ்யம் குறைந்தது இதுதான். இதற்கு அடுத்ததாக நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நாளை எழுதுகிறேன்.

17 நவம்பர்
என் கட்சி இது: ஊரைவிட்டு வெளியே போனால் கெட்டுப்போகிற இனிப்புக்குத்தான் சொந்த ஊர் உண்டு.

ரசகுல்லா அந்தத் தகுதியை 1930-லேயே இழந்துவிட்டது. நொபின் தாஸின் மகன் கே.சி. தாஸின் கடை அப்போதே அதைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. டப்பாவில் ஏறிய பண்டம் பெங்களூருக்கும் போகும், லண்டனுக்கும் போகும். இன்று நம் ஊர் மளிகைக் கடை அலமாரியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனிடம் போய் "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

18 நவம்பர்
"அப்படியானால் கெட்டுப்போகிற ஒன்றைச் சொல்லுங்கள்" என்கிறீர்கள்.

கிருஷ்ணநகர் சர்பூரியா. நதியா மாவட்டம், கொல்கத்தாவின் சியால்டா நிலையத்திலிருந்து புறநகர் ரயிலிலேயே போய்விடலாம். அகன்ற வாணலியில் பாலை அடுப்புத் தணித்துக் காய்ச்சி, மேலே படியும் ஆடையை முழுதாக எடுத்து விரிக்கிறார்கள். இப்படிச் சேர்த்த ஆடைகளை நெய்யில் வாட்டி, நடுவில் கோவா, பாதாம், ஏலம் வைத்து அடுக்கிச் சதுரமாக வெட்டினால் சர்பூரியா. ஆடையைப் பொரித்துப் பாகில் போட்டால் சர்பாஜா. முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார்களாம். சாத்தியிருக்கத் தேவையே இல்லை. அவ்வளவு பாலை அவ்வளவு நேரம் அடுப்பில் வைத்து அவ்வளவு கொஞ்சமாக எடுக்கும் பொறுமையை யார் திருடப்போகிறார்கள்?

வாங்கிக்கொண்டு அன்று மாலையே கொல்கத்தா திரும்பினேன். இரவு தின்றபோது நன்றாகவே இருந்தது. மறுநாள் நெய் உறைந்து, ஆடை சவ்வாகி, அட்டைப்பெட்டிக் காகிதம்போல் ஆகிவிட்டது. கடைக்காரர் வாங்கும்போதே சொன்னார், நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள், ரயிலிலேயே முடித்துவிடுங்கள்.

18 நவம்பர், பின்னிரவு
ஒரு சேர்க்கை. ஹூக்ளி மாவட்டத்து ஜனாயில் மனோஹரா என்று ஒன்று கிடைக்கும். உள்ளே மென்மையான சந்தேஷ் (சர்க்கரை சேர்த்துக் கிளறிய பால் திரட்டு), வெளியே கெட்டியான சர்க்கரை ஓடு. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் உள்ளிருப்பது காயாமலும் கெடாமலும் இருக்கச் செய்த ஏற்பாடு அது. சந்தேஷிலேயே இரண்டு பதம் இருப்பதும் இதற்காகத்தான்: அன்றே தின்ன 'நரம் பாக்', ஊருக்கு எடுத்துப்போக 'கடா பாக்'. பயணம் போக வேண்டிய இனிப்பு கெட்டியாகிறது. என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

21 நவம்பர்
போர்த்துகீசியர் விஷயத்தை எடுத்தவருக்கு.

பாலைத் திரித்து வடித்த சானாவைப் போர்த்துகீசியர்தான் வங்காளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பாலைத் திரிப்பது பாவம் என்று இந்துக்கள் எண்ணினார்கள், ஹூக்ளிக் கரையில் குடியேறிய போர்த்துகீசியர் பாலாடைக்கட்டி செய்தார்கள், பிறகு எல்லாம் மாறிற்று என்று போகும் அந்தக் கதை. அதில் ஒரு பாதி எனக்குப் பிடிக்கும். பாண்டெல் பாலாடைக்கட்டி இன்றும் கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் கிடைக்கிறது: சின்ன வட்டு, புகையூட்டியது, உப்புக் கரிக்கும், ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். போர்த்துகீசியர் இருந்தார்கள், கட்டி செய்தார்கள் என்பதற்கு அந்த வட்டு போதும்.

மறு பாதிதான் இடிக்கிறது. எல்லோரும் சான்று காட்டுவது பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியேவை. வங்காளத்தின் இனிப்புகள் புகழ்பெற்றவை, போர்த்துகீசியர் வாழும் இடங்களில் இன்னும் விசேஷம் என்று அவர் எழுதியது உண்மை. சானா என்று அவர் எழுதவில்லை. இன்னொரு பக்கம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாச'த்தில், காய்ச்சிய பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்து அதிலிருந்து பலகாரம் செய்யும் முறை இருக்கிறது. ஆக, திரிப்பதற்கு யாரும் லிஸ்பனிலிருந்து வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்தத் திரட்டையே ஒரு நகரத்தின் தொழிலாக்கியதுதான் வங்காளத்தின் சாதனை. அதைக் கொண்டாடுவதை விட்டுவிட்டு முன்னோடி தேடுகிறோம்.

22 நவம்பர்
அந்தத் தொழிலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலை நேரத்தில் ஹவுராவிலோ சியால்டாவிலோ நில்லுங்கள். புறநகர் ரயிலின் வியாபாரிகள் பெட்டியிலிருந்து துணியில் கட்டிய சானா மூட்டைகள் இறங்கும். நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நடைமேடை வழுக்கும், புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். மூட்டைகள் மத்தியானத்துக்குள் இனிப்புக் கடைகளின் பின்கட்டுக்குப் போய்விடுகின்றன. கொல்கத்தாவின் இனிப்பு எதுவும் கொல்கத்தாவின் பாலில் ஆனதில்லை என்று சொல்லிவிடலாம். 'கொல்கத்தா சந்தேஷ்' என்று பெருமை பேசும் என் அலுவலக நண்பரிடம் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2 டிசம்பர்
"சந்தேஷில் போடும் நொலென் குர் என்ற வெல்லம் நம்முடைய கருப்பட்டிதானே, அதற்கு ஏன் இத்தனை அலட்டல்?" என்று தூத்துக்குடி நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்.

இல்லை அண்ணா. உங்களுடையது பனை, இது ஈச்ச மரம். நம்மவர்கள் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குகிறார்கள். இங்கே கொண்டைக்குக் கீழே மரத்தையே சீவி, ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, மண்பானை கட்டிவிடுகிறார்கள். நம்முடையது வெயில் காலத்துச் சரக்கு. இதற்குப் பனி வேண்டும். இரவு எவ்வளவு குளிர்கிறதோ சாறு அவ்வளவு தெளிவு. மரம் ஏறுகிறவரை இங்கே ஷியுலி என்கிறார்கள். மரத்தைச் சில நாள் ஓய விட்டுப் பிறகு இறக்கும் முதல் இரவுச் சாற்றுக்கு 'ஜிரேன்' என்று பெயர். அதைக் காய்ச்சினால் வருவதுதான் உயர்ந்த குர். அடுத்தடுத்த இரவுகளில் தரம் இறங்கும்.

வங்காளத்தில் பனையும் உண்டு. ஆவணி வாக்கில் கிருஷ்ண ஜயந்தியை ஒட்டிப் பனம்பழச் சாற்றில் வடை மாதிரி ஒன்று சுடுவார்கள். ஆனால் சந்தேஷுக்குள் போகும் வெல்லம் ஈச்ச மரத்தினுடையது.

கருப்பட்டி மட்டமானது என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து தனிக் கடிதம் எழுதவேண்டாம்.

3 டிசம்பர்
எழுதிவிட்டார்.

9 டிசம்பர்
புதுச்சேரிக்காரர் ஒருவர் சந்தன்நகரைப் பற்றிக் கேட்கிறார். அவருக்கு அதில் பாத்தியதை உண்டு. புதுச்சேரியிலிருந்து ஆளப்பட்ட பிரெஞ்சு ஊர்தான் அது. ஆனால் அங்கே பிறந்த இனிப்பில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை.

ஜொல்போரா சந்தேஷ். நுங்கு வடிவத்தில் இருக்கும், நடுவில் பன்னீர். பக்கத்து தெலினிபாடா ஜமீன் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தாராம். அவரை ஏமாற்ற ஒரு பண்டம் வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் கேட்க, சூர்ய குமார் மோதக் என்ற இனிப்புக்காரர் இதைச் செய்துகொடுத்தாராம். மாப்பிள்ளை கம்பீரமாகக் கடித்தார். பட்டுச் சட்டை முழுக்கப் பன்னீர். பனிக்காலத்தில் பன்னீருக்குப் பதிலாக நீர்த்த நொலென் குர் ஊற்றி விற்கிறார்கள். கறை போகாது. கூட்ட நெரிசலில் நின்றுகொண்டு கடிக்காதீர்கள்.

இங்கே தோன்றியதாகச் சொல்லப்படும் பண்டங்களில் கால்வாசிக்காவது ஒரு ஜமீனோ ஒரு துரையம்மாவோ தேவைப்படுகிறார்கள். லெடிகெனி என்று ஒரு பொரித்த உருண்டை, வைஸ்ராய் கேனிங்கின் மனைவி பெயரில் இருக்கிறது. கொல்கத்தா பவ்பஜாரில் பீம் சந்திர நாக் செய்தது என்பார்கள். பஹரம்பூர்க்காரர்கள் எங்கள் ஊரில் செய்தது என்பார்கள். அந்த அம்மாள் 1861-இல் கொல்கத்தாவிலேயே இறந்துபோனார். பண்டம் மட்டும் பொரிந்துகொண்டிருக்கிறது. பீம் நாக் கடைக்குப் போனால் இனிப்பைவிட அங்குள்ள கடிகாரத்தைப் பாருங்கள்: குக் அண்டு கெல்வி செய்தது, வங்காள எண்கள் போட்டது.

20 டிசம்பர்
ஜொய்நகர் மோவா என்ற பொரி உருண்டையின் சீசன் வந்துவிட்டது, கூடவே ஏமாற்றும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு தள்ளுவண்டி. 'ஜொய்நகர்' என்று அச்சடித்த அட்டைப்பெட்டி. வாங்கிவந்து பிரித்தால் சாதாரண நெற்பொரி, சர்க்கரைப் பாகு, மேலே ஏதோ வாசனைச் சாறு. பல்லில் ஒட்டியதைக் கழுவ வெந்நீர் வைக்க வேண்டியதாயிற்று.

உண்மையான மோவாவுக்கு இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் வேண்டும். ஒன்று, கனக்சூர் என்ற மணமுள்ள நெல்லைப் பொரித்த பொரி. தென் 24 பர்கனாவில் விளைவது. இன்னொன்று, அந்தக் குளிர்கால நொலென் குர். நெல் அறுவடையாகி வரவும், பனி இறங்கி ஈச்ச மரம் சுரக்கவும் சரியாக இருக்கும். இவற்றோடு நெய், கோவா, முந்திரி, திராட்சை, ஏலம் சேர்த்து அதிகம் அழுத்தாமல் உருட்டுகிறார்கள். பொரி நமுத்துப்போகாமலும் உடையாமலும் இருக்க வேண்டும். அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும். 2015-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்தில் பஹடு என்று ஒரு ஊர். மோவா எங்களுடையது, பெயர் மட்டும் ஜொய்நகருக்குப் போய்விட்டது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மனத்தாங்கல். அங்கேயும் வாங்கித் தின்று பார்த்தேன். அவர்கள் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது.

மண், நெல், மரம், பனி நான்கும் சேர்ந்து ஒரு ஊரை நிச்சயிப்பது இந்த ஒன்றில்தான் முழுமையாக இருக்கிறது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

29 டிசம்பர்
சரியான ஆட்சேபம் ஒன்று வந்திருக்கிறது. "ஷக்திகட் லாங்சாவை என்ன செய்வீர்கள்? எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், எளிதில் கெடாது. ஆனாலும் அந்த ஊரை விட்டால் அதற்குப் பெயர் இல்லையே?"

லாங்சா என்பது சானாவை நீளவாக்கில் உருட்டி, கருக்கப் பொரித்துப் பாகில் ஊறவைத்தது. ஷக்திகட் கொல்கத்தாவிலிருந்து போகும்போது பர்தமான் நகருக்கு முன்னால், நெடுஞ்சாலையில் இருக்கிறது. இரு மருங்கிலும் கடைகள், ஏறக்குறைய எல்லாப் பெயர்ப் பலகையிலும் லாங்சா. துர்காபூர், அசன்சோல் போகும் பஸ்கள் அங்கே நிற்கின்றன, ஜனங்கள் இறங்குகிறார்கள், தின்கிறார்கள், ஒரு மண்சட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பண்டத்துக்கு ஊரைக் கொடுத்தது சாலைதான், பாலோ மண்ணோ இல்லை. பஸ் வேறு இடத்தில் நின்றிருந்தால் லாங்சாவும் அங்கே பிறந்திருக்கும்.

ஆகவே கட்சியைச் சற்று அகலமாக்குகிறேன். கெட்டுப்போவது ஒரு வழி. பயணி நிற்பது இன்னொரு வழி.

29 டிசம்பர், சற்று நேரம் கழித்து
அதே பர்தமானில் மூன்றாவது வழியும் இருக்கிறது: அரண்மனை. மிஹிதானா, சீதாபோக் இரண்டும் 1904-இல் வைஸ்ராய் கர்சன் வந்தபோது மகாராஜா விருந்துக்காக பைரப் சந்திர நாக் செய்தவை என்பார்கள். மிஹிதானா என்பது கடுகளவு பூந்தி. கோபிந்தபோக் அரிசி மாவும் கடலை மாவும் கலந்தது. சீதாபோக் பார்வைக்கு வெள்ளைப் புலாவ் போல இருக்கும். சானாவும் அரிசி மாவும் சேர்த்துப் பிழிந்தது. முதல்முறை பார்த்தபோது அதன்மேல் குழம்பு ஊற்றவா என்று கேட்டேன், பரிமாறியவர் பதிலே சொல்லவில்லை.

தின்றுவிட்டுப் போன கர்சன் மறு வருடமே வங்காளத்தை இரண்டாக வெட்டினார். விருந்தோம்பலுக்கு அவ்வளவு மரியாதை.

11 ஜனவரி 2026
பிரிவினை என்றதும் மால்டாவைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மால்டா நகரில் 'கான்சட்' என்ற இனிப்பு கிடைக்கும். சானாக் கட்டியின் மேல் வறுத்த கோவாத் தூள். கான்சட் என்பது ஊர்ப்பெயர். 1947 வரை மால்டா மாவட்டத்தில் இருந்தது. இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்தின் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் அங்கே போய்விட்டது, இனிப்பும் செய்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். வங்கதேசத்து டாங்காயில் நகருக்கு அருகே பொராபாரி என்ற ஊரின் சொம்சொம் என்ற சானா இனிப்பும் அப்படித்தான். பொராபாரியில் இன்றும் செய்கிறார்கள். 1947-க்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த இனிப்புக்காரர்கள் ஜல்பாய்குடி மாவட்டத்து பேலாகோபாவிலும் செய்யத் தொடங்கினார்கள். இன்று பேலாகோபா சொம்சொமுக்கே தனிப் பெயர்.

சொந்த ஊர் என்று நான் நவம்பரில் வரைந்த கோடு மால்டா வரைக்கும் வரவில்லை. பாலும் நெல்லும் மரமும் இடம் பெயராது. கை இடம் பெயரும். கையோடு போன இனிப்புக்கு ஊர் எது என்று கேட்டால், விட்டுவந்த ஊர்ப்பெயரைச் சொல்கிறான் மனிதன். அதைத் திருத்த நமக்கு என்ன அதிகாரம்?

13 ஜனவரி
"எல்லாவற்றுக்கும் அரசியலா?" என்று சலித்துக்கொண்டவருக்கு இன்னும் கொஞ்சம்.

1965-இல் மேற்கு வங்க அரசு சானா இனிப்புகளைத் தடையே செய்தது. பால் பற்றாக்குறை, இருக்கிற பால் குழந்தைகளுக்குப் போகட்டும் என்பது முதல்வர் பிரபுல்ல சந்திர சென்னின் எண்ணம். எண்ணம் நல்லது. ஆனால் வங்காளியிடம் சந்தேஷைப் பிடுங்கினால் என்ன ஆகும்? எங்கள் மேல்மாடி மாஷிமாவுக்கு (இங்கே சித்தி, பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அந்த வருடம்தான் கல்யாணம். மீன் வடிவச் சந்தேஷ் தட்டில் வைத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டிய இடத்தில் கடலைமாவு லட்டு போனது. அறுபது வருடமாகியும் ஆறவில்லை. "அந்த ஆள் தோற்றான், பார்த்தாயா?" என்று இன்றும் கேட்கிறார். தோற்றது உண்மை. 1967 தேர்தலில் ஆராம்பாகில் அஜய் முகர்ஜியிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1966 உணவுப் போராட்டமும் அதற்குப் பெரிய காரணங்கள் என்று மாஷிமாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஏற்கவில்லை. அவருக்கு லட்டுதான் காரணம்.

25 ஜனவரி
தயிரை மறந்துவிட்டதாக இருவர் புகார். மறக்கவில்லை, தயிர் வேறு கட்சி. நவத்வீபத்தில் லால் தொய் என்ற சிவப்புத் தயிர் இருக்கிறது. பாலை மணிக்கணக்கில் காய்ச்சிச் செம்பழுப்பாக்கி மண்சட்டியில் உறையவைப்பது. வங்கதேசத்து போகுரா தயிருக்கு 2023-இல் அவர்கள் நாட்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். மேல்மாடி மாஷிமாவின் பிறந்தவீடு நதியா, கீழ்வீட்டு தாதாவின் (அண்ணன்) பூர்விகம் போகுரா. நான் நடு மாடியில் குடியிருக்கிறேன்.

8 பிப்ரவரி
கொல்கத்தா வருவதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் போட முடியாது, பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். மோவாவுக்குச் சியால்டாவின் தெற்குப் பிரிவில் ரயில் ஏறுங்கள், இறங்க வேண்டியது ஜொய்நகர் மஜில்பூர். சர்பூரியாவுக்கு அதே சியால்டாவில் கிருஷ்ணநகர் ரயில். பர்தமானுக்கு ஹவுரா. ஒரே நாளில் மூன்றும் என்று திட்டம் போடாதீர்கள், வயிறு ஒத்துழைக்காது. வெயில் ஏறிவிட்டால் குர் தரம் இறங்கிவிடும். மார்ச் கடைசியில் யாராவது "இன்றைக்குச் செய்த மோவா" என்று நீட்டினால் வாங்காதீர்கள்.